தழுவல் புத்தகம்

எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் துணைப்பாடம் ஓர் ஆங்கில நாவலின் சுருக்கம். என்னைவிட அதிகமாக அதைப் படித்தவள் அக்காதான். அவளை ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டு, மனைவியை இழந்த தளவானூர்க்காரர் ஒருவருக்குக் கட்டிவைக்கப் பேசிக்கொண்டிருந்தார் எங்கள் நைனா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பதில் கேட்டு வருவதாக இருந்தது.

கதையிலும் அப்படித்தான். அப்பா பார்த்த வயதான மில்காரரை மகளுக்குப் பிடிக்காது. பக்கம் பக்கமாக அழுவாள். பிறகு, 'அவள் தலையசைத்தாள். ஆறு மாதத்தில் திருமணம் நடந்தது' என்று முடித்துவிட்டிருந்தார்கள்.

"அவ்ளோ அழுதவ எப்டிடி ஒரே வரியில ஒத்துக்கினா? நடுவுல இன்னாமோ வெட்டிட்டானுங்க" என்றாள் அக்கா. முழுக்கதை கிடைக்கிறதா பார் என்று என்னை நூலகத்துக்கு விரட்டினாள்.

கிடைத்தது அதே கதைதான், ஆனால் வேறு புத்தகம். அதில் மில்காரத் துரை ஜமீன்தார் ஆகியிருந்தார், குதிரைவண்டி வில்வண்டி ஆகியிருந்தது. கடைசியில் அந்தப் பெண் மாப்பிள்ளை காலிலேயே விழுந்து கும்பிட்டாள். அக்கா படித்து முடித்து மூடும்போது நைனா அட்டையைப் பார்த்துவிட்டார். 'ஆங்கில நாவலின் தழுவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"கட்டிப் புடிக்கிற கதையெல்லாம் வூட்டுக்குள்ள வருதா?"

"அது இல்ல நைனா, கதைய நம்ம ஊருக்கு மாத்தி எழுதினா அதுக்குப் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கே தமிழ் சொல்லித் தர்றியா? இன்னொரு புக்கு உள்ள வந்துது, நீயும் பள்ளிக்கூடத்த மறந்துடணும்."

அன்றிலிருந்து நான் நூலகப் பக்கமே போகவில்லை. அக்காவோ விடவில்லை. "புக்கு வாணாம். உங்க டீச்சர் இங்கிலீஷ்ல முழுசாப் படிச்சிருப்பாங்க. அதுல அவ இன்னா சொன்னான்னு மட்டும் கேட்டுனு வா."

வெள்ளிக்கிழமை கேட்டேன். டீச்சர் சிரித்தார். "மாட்டேன்னுட்டு வீட்ட விட்டே போயிடுவா. அந்தக் கதையே அதுதான். பிள்ளைங்க படிக்கிறதுல அது எதுக்குன்னு எடுத்துட்டாங்க."

கோட்டைச் சுவர் ஓரமாக வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். உள்ளதைச் சொன்னால் அக்கா அந்த இங்கிலீஷ் புத்தகத்தையே வாங்கி வரச் சொல்வாள். நைனா பார்த்துவிடுவார். என் படிப்பு போச்சு.

கையில் அரைத்த மாவோடு வாசலிலேயே நின்றிருந்தாள் அக்கா.

"இன்னா சொன்னாங்க?"

"எல்லாத்துலயும் ஒண்ணுதாங்கா. ஒத்துக்கிறா."

"முழுசுலயுமா?"

"முழுசுலயும்தான்."

"டீச்சரு நல்லா நெனப்பு வச்சிதான் சொன்னாங்களா?"

"சத்தியமா."

"சரி, போயி மொகத்தக் கழுவு" என்றாள்.

ஞாயிறன்று வந்தவர்கள் கேட்டபோது அக்கா நிமிராமலே "சரி" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் ஒரு புத்தகமும் கேட்கவில்லை. அன்றைக்கு நான், நல்லவேளை, இதோடு தப்பித்தோம் என்று, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பூந்தியை இரண்டு கையாலும் அள்ளித் தின்றேன்.