ஒன்பது சதவீதத்தில் நின்ற கல்யாணம்

மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கம்ப்யூட்டரில் புராசசரை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா? கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் காணும். பேனர் வடிவமைப்பும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்குமாகப் பெரம்பலூரில் பிழைப்பை ஓட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை என்பது என் கட்சி. மனைவி எதிர்க்கட்சி. "என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு பஜ்ஜிய முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டீங்க. இந்த டப்பாவுக்கு மூணு வாரமா?" என்கிறாள். எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மறுபடி அதே இரண்டு விலைப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். யூடியூபில் ஒருவர் புராசசர்தான் மூளை என்கிறார். அடுத்தவர் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் கம்ப்யூட்டரே இல்லை என்கிறார். இருவரும் நம்பும்படியாகத் தாடி வைத்திருக்கிறார்கள்.

நேற்று, உள்ளே எவ்வளவு இடமிருக்கிறது என்று பார்க்கப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூடேறிய தூசியின் வாசனை குப்பென்று வந்தது. உங்களுக்கு அதில் என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்கு அரியலூர் வந்துவிடும். பெரம்பலூர்த் தூசி பஞ்சு மாதிரி, ஊதினால் போய்விடும். அரியலூரில் சிமெண்ட் லாரி போகிற சாலைமேல் கடை வைத்தால் கம்ப்யூட்டருக்குள் சாம்பல் நிறத்தில் மாவு படியும். மழைக்காலத்தில் அது ஈரம் பட்டு மின்விசிறியில் அப்பிக்கொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷை வைத்துச் சுரண்டவேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் என் உத்தியோகத்தில் பாதி அந்தச் சுரண்டல்தான்.

மீதிப் பாதி கல்யாண வீடியோ மிக்ஸிங். முருகேசண்ணனுடைய ஸ்டுடியோ, மாடியில் ஒரு அறை. அவர் கேமராவோடு மண்டபம் மண்டபமாகப் போவார். நான் தினம் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, அவர் எடுத்த டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு டிஸ்க் ஆக்குவேன். ரோஜா மொட்டு விரிய அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை எழுந்து வருவார். பாடாலூரைத் தாண்டியறியாத தாய்மாமனை சுவிட்சர்லாந்துப் பனியில் வேட்டியோடு நிறுத்திவிடுவோம். யாருக்கும் குளிராது.

இதெல்லாம் முடிந்தபின் ரெண்டர் போடவேண்டும். அதாவது, நாம் செய்த அலங்காரத்தையெல்லாம் கம்ப்யூட்டர் தன் வேகத்தில் கோத்து ஒரே படமாக்கித் தரும் வரை உட்கார்ந்திருக்கவேண்டும். திரையில் ஒரு கோடு, பக்கத்தில் சதவீதம். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு எந்த இடத்திலும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத வியாதி வந்தது என்பது என் எண்ணம்.

அப்படியிருக்கையில் திருமானூர்ப் பெண் தமிழரசியின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை இளங்கோவன் சிங்கப்பூரில் வேலை. தாலி கட்டிய பதினாறாம் நாள் விமானம், அப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் லீவு. அந்தப் பெண் மூன்றாம் நாளே மாடியேறி வந்துவிட்டது.

"அண்ணே, அவரு போறதுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து ஒரு தடவ பாத்துரணும்ண்ணே. அது போதும்."

முருகேசண்ணன் இளகிய மனசுக்காரர். "பாத்துரலாம் தாயி" என்றுவிட்டார். அவள் இறங்கிப் போனதும் என்னைப் பார்த்தார். எங்கள் மிஷினில் மூன்று டேப் கல்யாணம் ஒரு மாதம் பிடிக்கும்.

"எதையாவது ஒண்ண மாத்தி வேகத்தக் கூட்டுய்யா. நீதான் புஸ்தகமெல்லாம் படிக்கறவனாச்சே."

படிக்கிறவன்தான், அதுதான் வினை. நூலகத்தில் கிடைத்த கம்ப்யூட்டர் பத்திரிகைகளை வரி விடாமல் மேய்ந்திருந்தேன். நாம் செய்வது படம் சம்பந்தப்பட்ட வேலை, கிராபிக்ஸ் கார்டு படத்துக்கென்றே பிறந்தது, ஆகவே கார்டு. இதைவிடத் தெளிவான தர்க்கம் உண்டா? திருச்சிக்குப் போய்க் கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கேம் ஆடவா சார்?" என்றார்.

"தொழிலுக்குங்க. கல்யாண மிக்ஸிங்."

"அதுக்கு புராசசர மாத்துங்க சார். ரெண்டர் போடறது அதான். கார்டு சும்மா உக்காந்திருக்கும்."

நான் அவருக்குக் கால்மணி நேரம் வகுப்பெடுத்தேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, கார்டே வாங்கிக்குங்க" என்று பில் போட்டார். பஸ்ஸில் அந்த அட்டைப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சீட்டுக் கிடைத்தும் இருப்புக்கொள்ளவில்லை.

மாட்டி ஓட்டினோம். ரோஜா மொட்டு முன்னைவிட வழவழப்பாக விரிந்தது. ரெண்டர் போட்டோம். கோடு நகர்ந்தது, முன்பு நகர்ந்த அதே நடையில்.

மறுநாள் முருகேசண்ணன் வந்து பார்த்தார். "கார்டு வேல செய்யுதா?"

"செய்யுதுண்ணே."

"அப்ப ஏன் ஒம்போதுலயே நிக்குது?"

"புதுசில்லையா... பழகிக்கிட்டிருக்குது."

"மாடாய்யா அது, பழக?"

நான் கீழே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தேன், ஒன்பது. லாரிகளை எண்ணினேன். மறுபடி வந்தேன், பத்து. அந்த ஒரு சதவீதத்துக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

விமானத்துக்கு முதல்நாள் காலை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். அவள் தலையில் பூ, அவர் கையில் எங்களுக்கு ஒரு பொட்டலம் மிக்சர். கோடு நாற்பதைத் தாண்டவில்லை. முருகேசண்ணன் அப்போது எந்த ஸ்டுடியோக்காரரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கேமராவை எடுத்து டிவியில் மாட்டி, "உள்ளது உள்ளபடி இருக்கும், பரவால்லியா தாயி?" என்று கேட்டுவிட்டு வெறும் டேப்பைப் போட்டார். எங்கள் தொழிலில் அது விருந்தாளியை நேராகச் சமையற்கட்டுக்குள் கூட்டிப்போவது மாதிரி.

ரோஜா இல்லை, பனி இல்லை, பாட்டு இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. சாம்பார் வாளியைக் காணோமென்று யாரோ கத்தினார். ஒரு பெரியப்பா, தன்னைப் போட்டோவுக்குக் கூப்பிடவில்லை என்று கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று குறைப்பட்டார். மேளம் ஓய்ந்த ஓர் இடைவெளியில், மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையைத் திருப்பாமல் மெதுவாக, "காலு மரத்துப்போச்சா?" என்றது தெளிவாகக் கேட்டது. டேப்பில் இருந்த பெண் நிமிரவில்லை. டிவிக்கு முன்னால் இருந்த பெண் சட்டென்று திரும்பினாள்.

"இத எங்கிட்டயா கேட்டீங்க?"

"பின்ன, ஐயருகிட்டயா கேப்பேன்?"

"கேக்கவே இல்லீங்க. அம்மா காதுகிட்ட எதையோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"நீ நிமிரவே இல்லியா, மூஞ்சியத் தூக்கிவச்சிக்கிட்டேன்னு நெனச்சுட்டேன். ரெண்டு நாளு பயமா இருந்துச்சு."

முருகேசண்ணன் என் தோளைத் தட்டினார். இரண்டு பேரும் மாடிப்படியில் போய் நின்றுகொண்டோம். அவர்கள் மூன்று டேப்பையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து டிஸ்க் தயாரானது. வாங்கிப்போனவள் நாலாம் நாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, இதுல பாட்டு மட்டும்தான் வருது. அந்தப் பேச்சு இருக்கறத ஒரு காப்பி போட்டுக் குடுங்க."

எங்களிடம் சுற்றில் இருந்தவை கொஞ்சம் டேப்புகள்தான். ஒரு கல்யாணம் முடிந்தால் அதன்மேலேயே அடுத்தது ஏறும், எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் வழக்கம். தமிழரசியின் மணவறைமேல் உடையார்பாளையத்துக் காதுகுத்து ஒன்று ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் இருந்ததை, இடம் வேண்டுமென்று, டிஸ்க் எழுதிய அன்றைக்கே நான் அழித்திருந்தேன். சொன்னேன்.

டிஸ்க்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "சரிண்ணே. பாட்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இன்று அந்த மாடியில் செல்போன் கடை. அந்த வகை டேப் எங்கும் கிடைப்பதில்லை. முருகேசண்ணனும் இல்லை. போன வருஷம் அவர் மகன், அப்பா குரல் எங்கேயாவது பதிவாகி இருக்குமா என்று கேட்டு வந்தான். அவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்று, "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். எல்லாக் கல்யாணத்திலும் அவர் குரல் இருந்தது. இரண்டு மாவட்டத்து அலமாரிகளில் நான் செய்த டிஸ்க்குகள் இன்னும் கிடக்கும். அவற்றில் அவர் சொன்னதைக் கேட்டு அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அவர் சொன்னதன்மேல் ஒவ்வொன்றிலும் நான்தான் பாட்டை ஏற்றியிருக்கிறேன்.