நீலப்பிடிப் பேனாக்கத்தி

மகள் லண்டனிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழஞ்சாமான் விற்கும் ஏதோ சந்தையில் எடுத்த படம். துணி விரித்த மேசையில் ஒரு மடக்குக் கத்தி, சிவப்புப் பிடி, பிடியில் ஒரு மோட்டார் சைக்கிள் கொம்பனியின் இலச்சினை. "அப்பா, இது ஒறிஜினலா? வாங்கவா?" என்று கீழே கேட்டிருந்தாள். நான் ஒரு காலத்தில் பேனாக்கத்தி சேர்த்தவன் என்பது அவளுக்குத் தாய் சொல்லித் தெரியும். ஏன் விட்டேன் என்பது தாய்க்கும் தெரியாது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். அலகை விரித்து, அது பிடிக்குள் நுழைகிற அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு என்று பதில் போட்டேன். போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். பகல் பதினொரு மணிக்குப் படுக்கிற வயது எனக்கு வந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நித்திரை வரவில்லை. ஹனிபாவின் நினைவுதான் வந்தது.

புளியந்தீவில் அப்போது ஒரு உழவு இயந்திரக் கொம்பனியின் கிளை இருந்தது. நான் அங்கே உதிரிப்பாகப் பகுதியில் எழுதுவினைஞன். இயந்திரம் என்றால் எனக்குப் பயம். எந்தப் பெட்டியில் எந்த வளையம் கிடக்கிறது என்று பிடிபடவே மூன்று மாதம் சென்றது. ஹனிபா காத்தான்குடிக்காரன், அங்கே மெக்கானிக். கொழும்பில் ஒரு கராஜில் வேலை பழகியவன், அதனால் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் பக்கத்தில் நின்றால் கிறீசும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணக்கும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணத்தால் நான் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

புதிதாக உழவு இயந்திரம் வாங்குகிறவருக்குக் கொம்பனி ஒரு பேனாக்கத்தி கொடுக்கும். எண்ணெய்த் தாளில் சுற்றி, சின்ன மட்டைப் பெட்டியில் வரும். பிடியில் கொம்பனியின் பெயர் பித்தளையில் பதித்திருக்கும். ஒருநாள் ஒன்றை எடுத்து ஹனிபாவிடம் காட்டி, "பாத்தியா, எங்கட கொம்பனி கத்தியும் செய்யுது" என்று பெருமையடித்தேன். ஏதோ எனக்கும் அந்தக் கொம்பனியில் பங்கு இருக்கிற மாதிரி.

அவன் கையைத் துடைத்துவிட்டுக் கத்தியை விரித்தான். அலகின் அடியில், நகத்தளவு இடத்தில், பொடி எழுத்தில் வேறொரு பெயரும் ஒரு ஊரும் வெட்டியிருந்தன.

"மடயா, இதுதான் செஞ்சவன்ட பேரு. உன்ட கொம்பனி தன்ட பேரப் போட்டுக்க உத்தரவு குடுத்திரிக்கி, அவ்வளவுதான். பிடியில இரிக்கிறது வாடகப் பேரு."

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்கு அந்தப் பைத்தியம். டயர்க் கொம்பனிக் கத்தி, பற்றரிக் கொம்பனிக் கத்தி, சோடாக் கொம்பனிக் கத்தி என்று ஊரெல்லாம் அப்போது இருந்தன. மத்திய கிழக்கிலிருந்து திரும்புகிறவர்கள் சவர்க்காரத்தோடும் போர்வையோடும் அவற்றையும் கொண்டுவருவார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீடுவீடாகத் தேடினோம். கேட்டு வாங்குவது என் பங்கு. அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. பார்த்துச் சொல்வது அவன் பங்கு. இலச்சினையை நகத்தால் சுரண்டுவான், மை கழன்றால் தூக்கிப் போடுவான். அடியில் செய்தவன் பெயர் இல்லாவிட்டால் சந்தேகம். பிறகு காதுக்குப் பக்கத்தில் வைத்து விரித்து மூடுவான். நல்ல கத்தி மூடும்போது "டக்" என்று ஒரே ஒரு சத்தம். போலி இரண்டு தரம் முனகும். அப்படித்தான் அவன் சொல்லுவான், எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும். ஒரு பற்றரிக் கொம்பனியின் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருந்த போலி ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் ஒரு கிழமை சிரித்தோம். போலியாக இருந்தாலும் அதையும் வைத்துக்கொண்டோம்.

எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள். அவன் வீட்டில் அக்காமாரின் பிள்ளைகள் நிறைய, கையை வெட்டிக்கொள்ளும் என்று டின் என் வீட்டில் இருந்தது. ஆற்றங்கரை வீடு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். முப்பத்தாறு கத்திகள். எது அவனுடையது, எது என்னுடையது என்று நாங்கள் பிரித்ததில்லை.

பிறகு காலம் கெட்டது. அதை நான் விளக்க வேண்டியதில்லை. பாதையில் காவலரண்கள் முளைத்தன, பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி நடக்கவைத்துப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஊரில் இருந்தவர்கள் பேனாக்கத்தியைப் பையில் வைப்பதை விட்டுவிட்டார்கள். நாங்கள் மட்டும் விடவில்லை.

வாகரையில் ஒருவரின் உழவு இயந்திரம் பழுதாகி, என்னையும் ஹனிபாவையும் அனுப்பினார்கள். வேலை முடிந்து வரும்போது கடற்கரையில் ஒரு மீனவர் கயிறு அறுத்துக்கொண்டிருந்தார். கையில் நீலப்பிடிக் கத்தி. பிடியில் மூன்று அலைக்கோடுகள், ஒரு படகு எஞ்சின் கொம்பனியின் அடையாளம். அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை. ஹனிபா வாங்கிப் பார்த்தான், விரித்தான், மூடினான். "நல்ல சாமான்தான். ஆனா அலகு நீளம். இப்பத்தைய நெலமைல வேணாம் மச்சான்" என்று திருப்பிக் கொடுத்தான். அவன் தேத்தண்ணிக்குப் போன நேரம் நான் பையிலிருந்த நைலோன் கயிற்றைக் கொடுத்து அதை வாங்கிவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். கத்தி என் காற்சட்டைப் பையில் இருந்தது. காலடியில் கிடந்த ஹனிபாவின் வேலைச்சாமான் பைக்குள், ஸ்பானர்களுக்கு நடுவில் அதை நழுவவிட்டேன். இரும்போடு இரும்பாகக் கிடந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வருகிறேன்.

பையைக் கொட்டினார்கள். சிப்பாய் நீலக் கத்தியை எடுத்து விரித்து, இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். அந்த அளவு சிங்களம் எனக்கும் விளங்கும். வாய் திறக்கவில்லை. ஹனிபா என்னைப் பார்க்காமலே, "என்னுடையது" என்று சிங்களத்தில் சொன்னான். அவனை ஒதுக்கி நிறுத்திவிட்டு எங்களைப் போகச் சொன்னார்கள். நான் பஸ்ஸில் ஏறினேன். யன்னலோரம் இடம் கிடைத்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

விடிந்ததும் டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போனேன். அவனை விசாரித்து இங்கே வருவார்கள், முப்பத்தாறு கத்தியைக் காண்பார்கள் என்ற ஒரே நினைப்பு. முழங்கால் தண்ணீரில் நின்று வீசி எறிந்தேன். கொஞ்சத் தூரத்தில் தோணியில் நின்ற பக்கத்து வீட்டுக் கந்தப்பண்ணன் வலையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஹனிபா வந்தான். சாரனெல்லாம் புழுதி. உதடு வெடித்திருந்தது. முற்றத்தில் நின்றபடியே, "டின்ன எடு மச்சான்" என்றான்.

"ஏன்?"

"கேம்புல ஒரு பெரியவர் விசாரிச்சார். ஆளக் குத்த வெச்சிரிக்கிற கத்தி இல்ல, கொம்பனிக்காரன் சும்மா குடுக்கிறது, நாங்க சேக்கிறம் எண்டன். அடியில உள்ள எழுத்தெல்லாம் காட்டினன். சேக்கிறண்டா மத்ததுகளக் கொண்டுவந்து காட்டு எண்டு உட்டிரிக்கார். ஐடென்டி காட் அவருக்கிட்ட. நாளைக்குள்ள போகணும்."

அந்த நாளில் அடையாள அட்டை இல்லாமல் ஓர் ஆள் தெருவில் இறங்க முடியாது. நான் ஆற்றைக் கையால் காட்டினேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குந்தி இருந்துவிட்டான்.

"எல்லாத்தையுமா?"

"ஓம்."

"நான் உள்ளுக்க இரிக்கக்குள்ளயா?"



வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கந்தப்பண்ணன்தான், "தம்பி எறிஞ்ச இடம் எனக்குத் தெரியும். கழுத்தளவுதான் தண்ணி. வாங்க, முழுகிப் பாப்பம்" என்றார். அவரும் ஹனிபாவும் முழுகினார்கள். நீந்தத் தெரியாத நான் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டின் மூடி கழன்று கத்திகள் சேற்றுக்குள் போயிருந்தன. பொழுது சாயும்வரை தடவிப் பதினொன்று எடுத்தார்கள். ஹனிபா ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பழஞ்சேலைத் துண்டில் வரிசையாக வைத்தான். காதில் வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, "நீயும் வா" என்றான். போனேன்.

அதிகாரி நடு வயதுக்காரர், களைத்த முகம். மேசையில் பதினொன்றையும் பரப்பினார். ஹனிபா ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான், இது வாடகைப் பெயர், இது செய்தவன் பெயர் என்று. அதிகாரி பளபளப்பான ஒன்றை எடுத்து, இதுதான் நல்லது போல என்றார். ஓரெழுத்துக் கூடிய அந்தப் பற்றரிக் கத்தி. ஆமென்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஹனிபா, "இல்லை ஐயா, அதுதான் போலி" என்று எழுத்தைத் தொட்டுக் காட்டினான். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டு முதல்தடவையாகச் சிரித்தார். மேசை லாச்சியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தார். அங்கே நீலக் கத்தியும் கிடந்தது.

அட்டையைக் கொடுக்குமுன் என்னைப் பார்த்து, நீ யார் என்று தமிழில் கேட்டார். "சேத்தது ரெண்டு பேரும்தான்" என்றேன். அது உண்மைதான். நீலக் கத்தியைப் பற்றி அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கத்திகள் எல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. நாங்கள் வெளியே வந்தோம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஹனிபா பாதையைப் பார்த்தபடி சொன்னான்: "நீ என்ட பேக்குக்குள்ள அத வெக்கக்குள்ள நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன் மச்சான்."

பஸ் வந்தது. அவன் முன்னால் ஏறினான், நான் பின்னால் ஏறினேன்.

அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனான். பல வருஷம் கழித்து வந்து தண்ணீர்ப் பம்பி திருத்தும் கடை போட்டான். நாலைந்து தரம் சந்தித்திருப்போம். தன் மகளின் கலியாணத்துக்குச் சொன்னான், போனேன். மருமகனிடம் என்னைக் கூட்டிப்போய், "என்னோட வேல செஞ்ச ஆள். பேனாக்கத்தி எண்டா உசிரு" என்றான். நீலக் கத்தியைப் பற்றி அன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். சனம் நெரிந்தது, நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற சகனில் சோறு வந்தது, யாரோ கையைப் பிடித்து இருக்கவைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொரோனா வந்த காலத்தில் அவன் போய்விட்டான். ஓட்டமாவடிப் பக்கம், அந்த நோயில் இறந்தவர்களை அடக்க ஒதுக்கிய காணியில் அடக்கினார்கள். யாரும் போகக்கூடாது என்றிருந்தது. போகலாம் என்றிருந்தாலும் நான் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

இப்போது வாகரைக்குப் பஸ் எங்கும் சோதனைக்கு நிற்காமல் ஓடுகிறது. கொம்பனிக் கிளை இருந்த கட்டடத்தில் போன் விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவதும் போன்தான். கந்தப்பண்ணன் இல்லை, ஆற்றங்கரை வீட்டை நாங்களே விற்றுவிட்டோம். ஹனிபாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம். அவனுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ஆனாலும் அதை என் வாயால் அவன் ஒருதரமாவது கேட்டிருக்க வேண்டும்.