காலி பண்ணச் சொன்னவர்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது ஒரு போர்வையை உதறி மடித்ததுதான். மருத்துவமனைத் துவைப்புக்கூடத்தில் ஆயுசைக் கழித்த அம்மாவுக்கு நாலு மூலையும் கச்சிதமாகச் சேர வேண்டும்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவளாம், மூலைக்கு மூலை சேர்க்கத் தெரியல. உன்னை நம்பித்தான் பத்து மாடி ஏறுறாங்க" என்றாள்.

பிள்ளைகள் சின்ன வயதாக இருந்தபோதே அப்பா விட்டுப்போனார். அதன் பிறகு, துவைப்புக்கூடச் சம்பளத்துக்குக் கிடைத்தது ஓர் ஒற்றை அறை. மழைக்குச் சுவர் ஊறும். மகளுக்கு இளையவனான சின்னவனுக்கு மூச்சிரைப்பு நிற்கவே இல்லை. குழந்தைகள் நலத் துறையினர் வந்து பார்த்துவிட்டு, மகளையும் சின்னவனையும் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். ஈரமில்லாத வீடு கிடைத்ததும் கூட்டிப்போகலாம் என்றார்கள்.

வீட்டு உதவிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். தேன் ஒழுகப் பேசுவார். அம்மா அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

"இந்த ரூமைக் காலி பண்ணிடும்மா. இருக்க இடமில்லாதவங்களுக்குத்தான் முதல்ல ஒதுக்குவாங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அந்த வாரமே அம்மா சாவியைக் கொடுத்துவிட்டாள். துவைப்புக்கூடத்தில் அழுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் கண்டும் காணாததுபோல இருந்தார்.

பிள்ளைகளைத் திருப்பித் தருவது பற்றிய விசாரணையில் அதே அண்ணன் எழுந்து, இருந்த வீட்டையும் தாய் தானாகவே விட்டுவிட்டாள் என்றார். வீடில்லாதவளிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்றானது. பிள்ளைகள் தன்னோடு இல்லாதவளுக்குக் குடும்ப வீடு கிடையாது என்றும் ஆனது.

வெளியே வராந்தாவில் அம்மா அவரை மறித்தாள்.

"நீங்கதானே அண்ணே காலி பண்ணச் சொன்னீங்க?"

"பொதுவாச் சொன்னேம்மா. உன்னை அவசரப்படச் சொன்னேனா?"

லிஃப்டில் இரண்டு பூட்டுகள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்று கதவு திறக்காவிட்டால், உள்ளே மாட்டிய ஆளை வெளியே எடுக்க ஓர் அவசரச் சாவி இருக்கும். இங்கே கையிலிருந்த ஒரே சாவியையும் கொடுக்க வைத்தவர், கொஞ்ச நாளில் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் விடுதியிலேயே வளர்ந்தார்கள். ஞாயிறு தவறாமல் அம்மா வருவாள். சின்னவன் மட்டும் முகம் கொடுக்க மாட்டான். உங்கம்மாவே வீட்டை விட்டுட்டாங்களாமே என்று விடுதியில் யாரோ சொன்னது அவன் மனதில் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது. வளர்ந்து வெளியூரில் வெல்டிங் பட்டறை வைத்தான். ஊர்ப்பக்கமே வரவில்லை.

நடந்ததை அவனுக்குச் சொல்ல மகள் போனை எடுத்தபோதெல்லாம் அம்மா தடுத்தாள்.

"நீ சொல்லாதடி. நானே நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்."

அம்மா வருஷக்கணக்கில் தைரியம் திரட்டி, ஒரு சனிக்கிழமைக்கு லீவும் கேட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை வேலைக்கு நடுவே சரிந்தவள் மறுபடி எழவில்லை. சின்னவனின் பட்டறைக்கு அவள் போய்ச் சேரவில்லை.