ஹில்க்கே உடைத்த பனிக்கட்டி

ஃபிரீஸ்லாந்தின் டோர்கம் கிராமத்தில் வானிலை அறிக்கை கேட்காத ஆள் கிடையாது. கேட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிற ஆள் ஒருவர்தான். அவர் பெயர் ஹில்க்கே. பிழைப்புக்குப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரி ஓட்டுகிறார். ஊருக்கோ அவர் ஐஸ் மாஸ்டர். ஊரார் ஸ்கேட்ஸ் மாட்டிச் சறுக்குவதற்காக, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மேய்ச்சல் நிலத்தில் நவம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் விடுவதும், அது உறையும்வரை காவல் காப்பதும், உறைந்தபின் கம்பத்தில் கொடி ஏற்றுவதும் அவர் வேலை. கொடி ஏறாமல் ஒரு பிள்ளைகூடக் கால் வைக்காது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாக உண்டு.

நான்கு குளிர்காலமாகத் திட்டுவதற்கும் வழியில்லாமல் போயிற்று. தண்ணீர் விடுவார், உறைவதற்குப் பதில் மழை பெய்யும், வாத்துகள் குடும்பத்தோடு வந்து நீந்தும், மார்ச்சில் மதகைத் திறந்துவிடுவார். நடக்கப் பழகுமுன் சறுக்கப் பழகுகிற ஊர் இது என்று பெருமை பேசுவோம். இன்று பாதிப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்ஸ் அட்டைப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இந்த வருடம் ஹில்க்கேவுக்கு வேறொரு கவலையும் சேர்ந்துகொண்டது. சைக்கிள் கடை கோசே அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. கோசேயின் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் கேட்க மறுத்தன. அடுத்த குளிர்காலத்துக்குள் நிற்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை ஏதோ பஞ்சர் விஷயம் போலச் சொல்லிவிட்டு, கோசே கடைசியில் கேட்டார்.

"இந்த வருஷம் மட்டும் எனக்கு ஐஸ் குடுத்துருடா. அப்புறம் சக்கர நாற்காலியோ சனியனோ, எதுல வேணா உக்காந்துக்கறேன்."

ஹில்க்கே சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்ட தலைக்கு அன்றிலிருந்து பாரம்தான்.

ஜனவரி பாதியில் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண் வரைபடத்தில் நீலக்கோடு ஒன்றைக் காட்டினாள். வடகிழக்கிலிருந்து குளிர் இறங்குகிறது. வியாழன் மாலை ஃபிரீஸ்லாந்தைத் தொடும். இரவு கடும் உறைபனி. விடியலில் வெண்பனி பொழிய வாய்ப்பு அதிகம். ஞாயிறன்று மேற்கிலிருந்து மழை. ஊரே எழுந்து உட்கார்ந்தது. ரொட்டிக்கடை சீட்ஸ்கே, சறுக்க வருகிறவர்களுக்கு விற்கும் பட்டாணி சூப்புக்கான பெரிய அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினாள்.

எல்லோரும் உறைபனியைக் கேட்டார்கள். ஹில்க்கே வெண்பனியைக் கேட்டார். அங்கேதான் வினை. மெல்லிய பனிக்கட்டியின் மேல் வெண்பனி விழுந்தால் போர்வை போர்த்திய மாதிரி, கீழே தடிக்காது. பெருக்கித் தள்ளலாம் என்றால் ஆள் ஏறினால் உடையும். கடைசியில் மிஞ்சுவது மேடும் பள்ளமுமான சாம்பல் களி. தண்ணீரை மட்டும் அந்த நேரம்வரை உறையவிடாமல் வைத்திருந்தால், விழுகிற பனி அதிலேயே கரைந்துபோகும். அடுத்த இரவுகளில் கண்ணாடி மாதிரித் தளம் கிடைக்கும். செய்து பார்த்த வித்தைதான், புதிதல்ல.

வியாழன் மாலை தண்ணீர் மேல் ஆடை கட்டத் தொடங்கியது. ஹில்க்கே நீண்ட ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தட்டைப் படகைக் கயிற்றில் கட்டி இழுத்தபடி உள்ளே இறங்கினார். படகு போன வழியெல்லாம் பனிக்கட்டி நொறுங்கியது.

வேலியோரம் சீட்ஸ்கே நின்று பார்த்தாள். "ஐஸ் மாஸ்டரே, நாலு வருஷம் தவமிருந்து வந்த ஐஸ உடைக்கிறீங்களே, புத்தி கித்தி பெரண்டுபோச்சா?"

"பனி வருது சீட்ஸ்கே. கரடுமுரடா ஐஸ் வேணுமா உனக்கு?"

"எனக்கு ஐஸ் வேணும். கரடா முரடான்னு நான் கேட்டேனா?"

கோசேயின் கால்தான் அவர் கண்முன் இருந்தது. சின்ன மேட்டில் தட்டினாலும் விழுந்துவிடுகிற கால். அதைச் சீட்ஸ்கேயிடம் சொல்லவா முடியும்? விடியும்வரை படகை இழுத்தார்.

விடிந்தபோது வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. பனி மேகம் டென்மார்க்கோடு போய்விட்டது. இன்னும் இரண்டு இரவு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அன்று இரவு முழுக்கக் காற்று ஓயவில்லை. தண்ணீர் அலைந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை காலையில் டோர்கத்தின் பனிக்கட்டி ஒரு வாத்தைத்தான் தாங்கும்.

பக்கத்து ஊரான வீல்சத்தில் யாரும் எதையும் உடைக்கவில்லை. அந்த முதல் இரவின் பனிக்கட்டி மேல் அடுத்த இரவு கொஞ்சம் சேர்ந்து, புல் துருத்திக்கொண்டு நின்றாலும் ஆளைத் தாங்கியது. கொடி ஏறிவிட்டது. டோர்கமே அங்கே கிளம்பிப் போயிற்று. சீட்ஸ்கேயின் அண்டாவும் வேனில் ஏறிப் போனதுதான் கொடுமை.

பத்து மணி வாக்கில் கோசே ஸ்கேட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி ஹில்க்கேயின் வாசலுக்கு வந்தார்.

"கெளம்புடா, வீல்சத்துக்கு."

"பால் வண்டி முறை இருக்கு."

"சனிக்கிழமையா?"

"ஆள் வரல, என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

கோசே திரும்பிப் போய், எதிர்வீட்டுக்காரரின் காரில் ஏறிக்கொண்டார்.

கதவை மூடியதும் ஹில்க்கேயின் மனைவி டௌட்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எந்தப் பண்ணையில இன்னைக்குப் பால் எடுக்குறே? நம்ம சமையல்கட்டுலயா?"

"வீல்சத்துக்காரன் ஐஸ்ல போய் நிக்கச் சொல்றியா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. கணிப்பு யாருக்குத்தான் தப்பல? டிவிக்காரிக்கே தப்பிடுச்சு. அவ என்ன இன்னைக்கு லீவு போட்டுட்டாளா?"

நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது வருடமாக அடுத்த ஊர்ப் பனிக்கட்டியை மட்டமாகப் பேசிய வாய் அவருடையது. வெட்கம் காலைக் கட்டிப் போட்டது. நாள் முழுக்க ஜன்னலருகே உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடித்தார். சொன்னபடி ஞாயிறன்று மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. அதை மட்டும் கச்சிதமாகக் கணித்திருந்தார்கள்.

திங்களன்று ஹில்க்கே சைக்கிள் கடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டுதான் போனார். உள்ளே கோசே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மோவாய் ஊதாவாக வீங்கியிருந்தது, இடது மணிக்கட்டில் கட்டு.

"விழுந்தியா?" ஹில்க்கே கேட்டார்.

"மூணு தடவ. ஐஸாடா அது? உழுது போட்ட வயலு."

"அதுக்குத்தான்டா நான் உடைச்சேன். நீ விழக்கூடாதுன்னு. உனக்கு நல்ல ஐஸா குடுக்கணும்னு..."

"தெரியும். நீ படகை இழுத்துக்கிட்டு இருந்தப்பவே தெரியும்." கோசே கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஐஸ் கெட்டுப்போனதுக்கு உன்னை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா மூணு தடவையும் யார் யாரோ வந்து அக்குள்ல கையக் குடுத்துத் தூக்கினாங்கடா. ஒவ்வொரு தடவையும் நீயான்னு திரும்பிப் பார்த்தேன்."

ஹில்க்கே அந்தக் கடைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். கோசேவால் குனிந்து அவரைத் தூக்க முடியவில்லை.