அமெரிக்கா அம்மாவுக்கு ஓர் அர்ச்சனை

காலையில் வாசல் தெளிக்கும்போது என் அம்மா ஓர் ஆளைத் திட்டுவாள். அவனை அவள் பார்த்ததே இல்லை. "எம்மக சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் வெளங்குவானா? அவன் வீட்டு அடுப்புல பூனை தூங்க!" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை வீசுவாள். எதிர்வீட்டு பாய் கடைக்குக் கிளம்புகிற நேரம் அது. "என்னக்கா, இன்னைக்கும் கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" என்பார். "அவன் காதுல விழுகுற வரைக்கும் நடக்கும் தம்பி" என்பாள் அம்மா.

அவன் ஒரு கோயம்புத்தூர்ப் பையன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில் ஆபீசில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பிளஸ் டூவோடு நின்ற படிப்பு. கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியும், இங்கிலீஷைத் தப்புத் தப்பாகப் பேசியும் நானே கற்றுக்கொண்டேன். மில் பஸ்ஸில் போய்வந்த காலத்தில் நான் சேர்த்த ஒரே சொத்து சொலவடைதான். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் எந்த ஊர், என்ன பேர் என்று விசாரித்து, "உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவாக?" என்று பிடுங்கிவிடுவேன்.

ஒருநாள் முதலாளி கணக்கு வேலை மொத்தத்தையும் வெளியில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து அந்தப் பையன் லேப்டாப்போடு வந்தான். ஒரு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க்கா, இது எப்படிங்க்கா" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனான். அடுத்த வாரம் மில் பஸ் எனக்காக நிற்கவில்லை.

வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அவர் ஒருவர் வருமானத்தில் ஒரு காலை நீட்டினால் இன்னொரு காலை மடக்க வேண்டும். அதனால் அம்மா திட்டும்போதெல்லாம் "விடும்மா" என்று ஒப்புக்குச் சொல்வேனே தவிர, உள்ளுக்குள் இதமாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ஆபீசில் எனக்கு வேலை வந்தது. அமெரிக்காவில் பல் டாக்டர் பார்த்த வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கேட்டு எழுதுகிற வேலை. டீம் லீடர் என்னைவிடச் சின்னப் பையன். "பல்லப் புடுங்குறது அங்க, பில்லப் போடுறது இங்கக்கா" என்று சிரித்தவர், விஷயத்துக்கு வந்தார்: "ஒரு கிளினிக் வேலை நம்மகிட்ட வருது. அங்க ஒரு மேடம் உங்களுக்குச் சொல்லித் தருவாங்க. நீங்க தயார்னு அவங்க மெயில் போட்டாத்தான் உங்க வேலை உறுதி."

"நான் இதப் பாத்தா, அந்த மேடம் எதப் பாப்பாங்க?"

"அவங்க வேலதானக்கா இங்க வருது" என்றார், செல்போனைப் பார்த்துக்கொண்டே.

வீட்டில் அம்மா, "யாருத்தா வேலை குடுத்தது?" என்று கேட்டாள். தினமும் அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டவள் நான். உண்மையை எப்படிச் சொல்வேன்? "அமெரிக்காவுல ஒரு அம்மா" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "ரொம்ப நல்லவுக" என்று வேறு சேர்த்தேன்.

நல்லவர்தான், அதுதான் சிக்கல். அவருக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். ஆபீசில் சத்தம் என்று வீட்டு முன்னறையிலிருந்தே லேப்டாப்பில் வீடியோவில் பேசுவேன். அவருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து எதையும் ஒளிக்காமல் சொல்லித் தருவார். "இன்சூரன்ஸ்காரர்கள் முதல் தடவை முடியாது என்பார்கள். அதை நம்பாதே. திரும்பக் கேள், அதற்குப் பிறகும் கேள்" என்றார் ஒருநாள். என் வாய் சும்மா இருக்குமா? "எங்கள் ஊரில் அழுத பிள்ளைக்குத்தான் பால் என்போம்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதிப் பின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

அந்தச் சுவரில் அப்போது நிறைய இருந்தன. பேரப்பிள்ளைகள் போட்டோ, மீன் படம் போட்ட காலண்டர், ஆணியில் தொங்கிய ஒரு சின்னச் செடி. நாள் போகப் போக ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் செடி, அப்புறம் போட்டோக்கள். நான் சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்க்கப் பழகினேன். முகத்தையும் பார்க்க முடியாமல் கடைசியில் திரையில் இருந்த பில் எழுத்துகளை மட்டும் பார்த்தேன். கடைசி வாரம் அந்தச் சுவரில் மிச்சம் இருந்தது என் மஞ்சள் தாள்தான்.

மெயில் மட்டும் வரவில்லை. "போட்டுட்டாங்களாக்கா?" என்று டீம் லீடர் தினம் கேட்டார். போட்டால் அந்த அம்மா போக வேண்டும், போடாவிட்டால் நான் போக வேண்டும். போட மாட்டாரா என்று நான் காத்திருந்தேன். அப்படிக் காத்திருக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அப்படியொரு சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் குனிந்தாள். "இவுகதானா?" என்றாள். நான் தடுப்பதற்குள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "மகராசி! எம்மகளுக்குச் சோறு போட்ட தாயி! நீயும் ஒம்புள்ளகுட்டிகளும் நல்லா இருக்கணும். ஒம் வீட்டுல அடுப்பு அணையாம எரியணும்."

"என்ன சொல்கிறார்கள்?" என்று அந்த அம்மா ஆவலாகக் கேட்டார்.

"உங்களை வாழ்த்துகிறார்கள்" என்றேன்.

"எதற்கு?"

பொய் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. "எனக்கு நீங்கள் வேலை கொடுத்ததற்கு."

அவர் சட்டென்று தலையைத் திருப்பி அந்த வெறும் சுவரைப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, அம்மா செய்தது போலவே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். பழக்கமில்லாத கை; விரல்கள் சரியாகச் சேரவில்லை.

"பாத்தியா, திருப்பிக் கும்பிடுறா! தங்கமான மனுசி" என்றாள் அம்மா.

அன்றைக்கே மெயில் வந்தது. நான் தயார் என்று ஒரே வரி.

முதல் சம்பளம் வந்ததும் அம்மா, "அந்தம்மா பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும். பேரும் நட்சத்திரமும் கேட்டு வையி" என்றாள். யாரிடம் கேட்பது? அவர் கிளினிக்கை விட்டே போய்விட்டார். "பேரு போதும்மா" என்று சமாளித்தேன். வெள்ளிக்கிழமை தேங்காய், பழம், நிலக்கோட்டை மல்லிகையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கூட்டத்தில் தட்டை நீட்டினாள். பூசாரி, "யார் பேருக்கு?" என்றார்.

"அமெரிக்காவுல இருக்காக. எம்மகளுக்கு வேலை குடுத்தவுக" என்று அம்மா பெருமையாக ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "அம்மா, அவுக குடுக்கல. அது அவுக வேலை. அத எனக்குக் குடுத்துட்டு அவுகள அனுப்பிட்டாக" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா நீட்டின தட்டை நீட்டியபடியே நின்றாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். "என்னம்மா, பேரச் சொல்லுங்க" என்றார் பூசாரி.

"சொல்லு" என்றாள் அம்மா என்னிடம். சொன்னேன். பூசாரி வாயில் அது நுழையவில்லை. மூன்றாம் தடவை ஏதோ ஒருமாதிரிச் சொல்லி மணியை அடித்தார்.

வெளியே வந்து அம்மா செருப்பை மாட்டினாள். அப்புறம், "அவளுக்கு ஆத்தா இருக்காளா?" என்றாள்.

"தெரியலம்மா."

"இருந்தா ஒன்னய என்ன பேச்சுப் பேசுவாளோ." தட்டிலிருந்த பூவைச் சரிசெய்தாள். "ஏத்தா, அந்தக் கோயமுத்தூர்ப் பய பேரென்ன? அவனுக்கும் ஒண்ணு பண்ணிருவோம். தினமும் வாயில வந்ததெல்லாம் பேசிப்புட்டேன்."

எனக்குத் தெரியவில்லை.

"ஒரு வாரம் ஒம்பக்கத்துலதான உக்காந்திருந்தான்? பஸ்ஸுல ஏறுறவன் எறங்குறவன்கிட்டயெல்லாம் பேரக் கேப்பியே, அவன்கிட்டக் கேக்கலையா?"

கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.