வால் தூக்கிய வண்டி

திருட்டு டாக்சி ஓட்டுகிறவன் சாலையைப் பார்ப்பதைவிட வண்டியின் அடியைப் பார்ப்பதுதான் அதிகம். டாக்சி லைசென்ஸ் கேட்டேன், கொடுக்கவில்லை. அதற்காக நானும் மனைவியும் பிள்ளைகளும் பட்டினி கிடப்பதா? ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பழைய காரை வாங்கி, சிராங்கூன் ரோட்டிலிருந்து செம்பவாங்குக்கு ஆள் ஏற்றினேன். பிடிபட்டால் வண்டியும் போகும், வீட்டுச் சோறும் போகும். அந்த வண்டியில் மடிமேல் மடியாக நசுங்கி வந்த புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது.

பட்டை

பின்சக்கரங்களுக்கு இடையே போகிற அச்சில் இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் ஸ்பிரிங், பாரமெல்லாம் அதன்மேல்தான். பின்னால் ஐந்து பேர் ஏறினால் பட்டை வளைந்து, வண்டியின் வால் தரையைத் தேடும். தூரத்தில் நிற்கிற போலீஸ்காரருக்கு அதுவே போதும்.

இன்னொரு பட்டை சேர்க்கச் சொன்னேன். மெக்கானிக் அந்தோணி தலையைச் சொறிந்தார். "போடறேன்லா. ஆனா இது அஞ்சு பேருக்குப் போட்ட கட்டில். தனியாப் படுத்தா முதுகு போயிடும்ணே."

அப்சார்பர்

போனது என் முதுகு மட்டுமல்ல. ஸ்பிரிங் குதித்தால் அதை அடக்குகிறது ஷாக் அப்சார்பர், உள்ளே எண்ணெய் இருக்கிற குழாய். என் வண்டியில் அது எப்போதோ ஒழுகித் தீர்ந்திருந்தது. புதுப் பட்டையின் விறைப்பும் சேர்ந்துகொள்ள, ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடுத்த பள்ளம்வரை ஆடினோம்.

செம்பவாங்குக்கு அவசரமாகப் போன மருத்துவச்சி ரோசம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "பிரசவம் பாக்கப் போறவளுக்கே பிரசவம் ஆயிடும் போலிருக்கே!"

புஷ்

பட்டையின் இரண்டு நுனியும் வண்டியோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். குதித்துக் குதித்து அதுவும் தேய்ந்தது. இரும்போடு இரும்பு மோதி 'டக் டக்' என்று ஊரையே எழுப்பியது. வெட்கமாகத்தான் இருந்தது, மாற்றிவிடுகிறேன் என்று, வாடிக்கையாகிவிட்ட ரோசம்மாளிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"மாத்திடாதீங்க தம்பி! தூரத்துல அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் நான் சேலையே கட்ட ஆரம்பிக்கிறேன்."

வால்

ஒரு நாள் மதியம் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஆளே இல்லையே என்ற தைரியத்தில் கடந்தபோது போலீஸ்காரர் கையைக் காட்டினார். நம் ஊர்க்காரர்தான். வண்டியைச் சுற்றி வந்து பின்பக்கத்தைத் தட்டினார். பாரம் இல்லாததால் வால் ஆகாயத்தைப் பார்த்து நின்றது.

எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. "வண்டியில ஆள் இல்லையே சார். வாலைத் தூக்கினா குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றேன். அவர் சிரித்தார்.

"குத்தமில்லதான், போங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், வால் இறங்கின வண்டியை நான் தேடுறதேயில்ல. காலியா வரும்போது வாலைத் தூக்குறவன் எவன்னு பாத்து வச்சுக்குவேன், ஆள் ஏத்தினதும் பிடிப்பேன்."

மறுநாளும் ஓட்டினேன், அதே பட்டையோடுதான். ஆள் இறங்கியதும் அவர்கள் இடத்தில் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டேன், அவை மட்டும்தான் என் வண்டியில் குறை சொல்லாமல் வந்த பயணிகள்.