வீடு மாறிய ஒழுகல்

ஜப்பான்காரர்கள் மலாயாவுக்குள் வந்த பிறகு எங்கள் தோட்டத்து ரப்பரை வாங்க ஆளில்லாமல் போயிற்று. வெள்ளைக்கார துரை ஓடிவிட்டார். ரப்பர்ப் பால் நிறுக்கிற தராசு தூசி பிடித்துக் கிடந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் சின்னக் கிராணியான எனக்கு அந்தத் தராசைத் தவிர வேறு வேலை தெரியாது. துரை பங்களாவில் குடியேறிய ஜப்பானிய அதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை மாதாமாதம் பார்வையிடுவது இனி என் பொறுப்பு என்றார். கூரை, சுவர், சாக்கடை, அடுப்படி. எது கெட்டிருந்தாலும் நானே சரிசெய்ய வேண்டும். எதைக் கொண்டு சரிசெய்வது என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவர்கள் கன்னத்தில் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆணி கிடையாது, தார் கிடையாது. கிடங்கிலிருந்த புதுத் தகரங்களை முகாம் கட்டுவதற்காக லாரியில் ஏற்றி போர்டிக்சன் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது லயத்துக் கூரையில் ஏற்கெனவே கிடந்த பழைய தகரம்தான். அதிலும் பாதி துருப்பிடித்தது. நான் வீடு வீடாகப் போய்த் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். வீட்டுக்காரரும் என்னோடு சேர்ந்து தலையைத் தூக்குவார். "ஓட்டை" என்பேன் நான். "ஆமாங்க, ஓட்டை" என்பார் அவர். பார்வை முடிந்தது.

இந்தப் பிழைப்பில் நான் தனியாள் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். வாரம் ஒருமுறை ரேஷன் அரிசி வாங்க தெமியாங் டவுனுக்குப் போவேன். டயருக்குப் பதிலாகத் தோட்டத்து ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிள். எலும்பெல்லாம் குலுங்கும். ரேஷன் கிடங்குக்கு எதிரே தமிழ் முஸ்லிமான ஒரு நானாவின் சாப்பாட்டுக்கடை இருந்தது. சாப்பாடு என்றால் அவித்த மரவள்ளிக்கிழங்கு. கோப்பி என்றால் வறுத்த சோளத்தூள். அங்கே என்னைப் போலவே வீடு பார்க்கும் வேலை தலையில் விழுந்த இருவர் வருவார்கள். ஒருவர் செனாவாங் பக்கத்துத் தோட்டத்தில் தச்சு மண்டோர், தச்சர்களுக்கு மேஸ்திரி. மற்றவர் கடலோரத் தோட்டத்து மருத்துவமனையில் கட்டுப்போட்டு ஊசி குத்தும் டிரசர். ஊசி மருந்து தீர்ந்துவிட்டதால் அவரையும் சாக்கடை பார்க்க அனுப்பிவிட்டார்கள்.

வரிசை நகரும்வரை மூவரும் அவரவர் வீடுகளைப் பற்றித்தான் புலம்புவோம். மண்டோருடைய தோட்டத்தில் ஒரு வீட்டுச் சுவர்ப் பலகைக்குள் தேனீ கூடு கட்டியிருந்தது. பலகையை எடுக்கப் போனவரை அந்த வீட்டுக்காரி விளக்குமாற்றோடு விரட்டினாளாம். சீனி கிடைக்காத காலத்தில் சுவரே அவளுக்குச் சீனி தந்தது. டிரசர் தோட்டத்தில் ஒரு வீட்டில் மச்சில் பேய் நடப்பதாகப் பக்கத்து வீட்டார் புகார் சொல்ல, இவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறார். சிப்பாய்களுக்குத் தெரியாமல் வளர்த்த பெட்டைக் கோழி.

"பேயப் பிடிச்சிட்டீங்களான்னு கீழருந்து கேக்கிறாங்க. பிடிச்சேன், அதுவும் முட்டை போட்டிருக்குன்னேன்" என்றார் டிரசர்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது வேறு தலைவலி இருந்தது. எங்கள் கீழ் லயத்தின் முதல் வீட்டுக் கூரையில் பட்டுப்போன ரப்பர் மரக் கிளை விழுந்து, ஒரு தகரத்தின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் துளை. மழை வந்தால் வீட்டுக்குள் அருவி. அதை எப்படி அடைப்பது என்று கேட்டேன்.

"சாக்குத் துணிய ரப்பர்ப் பால்ல ஊறவெச்சு ஒட்டு, கிராணி. இரும்பா நிக்கும்" என்றார் டிரசர்.

"வெயில்ல உருகி வழியும்லா. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்துல மலாய்க்காரங்கிட்ட டாமர் மரப் பிசின் கேட்டு வாங்கி காய்ச்சி ஊத்து" என்றார் மண்டோர்.

"அது காஞ்சா வெடிச்சிடும்" என்றார் டிரசர். மருந்துக்காரருக்குக் கூரையைப் பற்றி என்ன தெரியும் என்று மண்டோர் கேட்க, அன்றைய அரட்டை சண்டையில் முடிந்தது.

பிசினுக்கு அலைய முடியாமல் சாக்கையே தேர்ந்தெடுத்தேன். முதல் வீட்டுக்காரரிடம் பாலில் ஊறிய ஒரு கோடு போட்ட சாக்கைக் கொடுத்தேன். அவரே ஏறி ஒட்டினார். அடுத்த மழைக்கு அவர் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தெமியாங்கில் டிரசருக்கு என் பங்குக் கிழங்கைக்கூடக் கொடுத்தேன்.

ஆனால் அதே மழையில் மூன்றாம் வீடு ஒழுகியிருந்தது. அதுவரை ஒழுகாத வீடு. அங்கேயும் சாக்கு கொடுத்தேன். அடுத்த மழைக்கு அது காய்ந்திருந்தது. ஐந்தாம் வீடு ஒழுகியது. அதற்குப் பிறகு ஆறாம் வீடு. நான் ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. நண்பர்களிடம் சொன்னபோது, தண்ணீர் கூரைச் சட்டத்தோடு ஓடி வேறு இடத்தில் சொட்டும், அது தச்சுக்காரனுக்குத்தான் தெரியும் என்றார் மண்டோர். காற்றின் திசை மாறுகிறது என்றார் டிரசர். கல்லாவிலிருந்து நானா எட்டிப் பார்த்து, "மேல ஏறிப் பாத்தீங்களா, தம்பி?" என்று கேட்டார்.

நான் ஏறிப் பார்க்கவில்லை. உயரம் என்றால் எனக்கு ஆகாது. ஆனால் ஆறாம் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்ததால் அந்த முறை நானே ஏணியில் ஏற வேண்டியதாயிற்று. கீழே பார்க்காமல் மேலே போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத் துளை. அதன் ஓரத்தில் வெயிலில் உருகிக் கறுத்த பழைய சாக்கு, முதல் வீட்டுக்கு நான் கொடுத்த அதே கோடு போட்ட சாக்கு, ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒழுகல் வீடு வீடாக நடக்கவில்லை. தகரம்தான் நடந்துகொண்டிருந்தது. ஒட்டு உருகியதும் ஒவ்வொருவரும், மற்றவர்கள் மரவள்ளி நடப் போயிருக்கும் பகல்வேளையில், அந்தத் தகரத்தைக் கழற்றி வேறொரு வீட்டில் போட்டுவிட்டு அந்த வீட்டு நல்ல தகரத்தைத் தங்கள் கூரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மாலையே லயத்து ஆட்களைக் கூட்டிக் கத்தினேன். ஒருவரும் மறுக்கவில்லை. "எங்க வீட்டுக்கு வந்ததத்தானே தள்ளிவிட்டேன், ஓட்டை நான் போட்டதா?" என்றார் ஒருவர். முதல் வீட்டுக் கூரையிலேயே திருப்பிப் போட்டுவிடுகிறேன் என்றால், மரக்கிளை விழுந்ததற்கு நான் என்ன செய்வேன் என்று அந்த வீட்டுக்காரர் அழாத குறை. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். சீட்டை யார் எழுதுவது என்பதில் அடிதடி வந்தது. தொண்டை வறண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த பெருமழைக்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை. என் சத்தத்துக்குப் பயந்து யாரோ ஒழுங்காக அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மாதப் பார்வைக்குக் கடைசி வீட்டுக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது.

அங்கே இருந்தவள் இரண்டு பெண் குழந்தைகளோடு தனியாக இருந்தாள். அவள் புருஷனையும் அவன் தம்பியையும் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டு நடுவில் மண்தரை குழம்பிக் கிடந்தது. குழந்தைகள் சுவரோரமாக ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தன. தலைக்குமேல் துளை வழியாக வானம் தெரிந்தது. மற்றவர்களைப் போல ஏணி போட்டுத் தகரத்தைத் தள்ளிவிட அவளுக்கு ஆளில்லை. அதனால் அது அங்கேயே தங்கிவிட்டது.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"என் வீடு ஒழுகலைங்க, கிராணி ஐயா" என்றாள்.

நான் துளையைக் காட்டினேன். காலடிச் சேற்றைக் காட்டினேன். "இது என்ன?"

"தண்ணி கொட்டிட்டேங்க."

"வானத்திலிருந்தா கொட்டினே?"

அவள் சேற்றைக் காலால் நிரவினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரே தகரத்தைக் கழற்றி ஏமாற்றுகிறது. இவளோ இடுப்பளவு தண்ணீர் வந்தாலும் இல்லையென்பாள் போலிருக்கிறது. சத்தம் போட்டேன். மூத்த குழந்தை அழ ஆரம்பித்ததும்தான் அவள் வாய் திறந்தாள்.

"வீடு கெட்டுப்போச்சுன்னு சொன்னா காலி பண்ணச் சொல்லி வேற தோட்டத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்றாங்க. அவரு வந்தா இந்தக் கதவத்தான் தட்டுவாரு. நாங்க எங்க போனோம்னு அவருக்கு யாரு சொல்றது?"

மேல் லயத்தில் ஆண் துணையில்லாத குடும்பங்களை அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். நானே கூட நின்று பார்த்திருக்கிறேன். "சரிம்மா, ஒழுகல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறென்ன சொல்ல?

தெமியாங்கில் இதைச் சொன்னபோது இருவரும் சிரிக்கவில்லை. மண்டோர் தம்ளரைக் கீழே வைத்து, "நாளைக்கு வர்றேன்லா" என்றார். டிரசரும் கிளம்பினார். அவர் வராமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் மண்டோர் கூரைமேல் ஏறினார். எங்கிருந்தோ கம்பத்து டாமர் பிசின் கொண்டுவந்திருந்தார். டிரசர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பிசினுக்குக் கீழே சாக்கு வைக்கவேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏணியப் பிடிக்கிறவரு ஏணியப் பிடிங்க, டிரசரய்யா!"

"சாக்கு இல்லாம நிக்காதுன்னு சொல்றேன், கேக்க மாட்டீங்களே!"

மண்டோர் திரும்பிக் கீழே பார்த்துக் கத்தினார். அவர் கால் சட்டத்தை விட்டு நகர்ந்தது. பக்கத்துத் தகரம் துருவேறிய அப்பளமாக இருந்திருக்க வேண்டும். படாரென்று ஒரு சத்தம். உள்ளே ஓடிப் பார்த்தால், தொடைவரை ஒரு கால் அடுப்புக்கு நேர்மேலே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அவள் அடுப்பிலிருந்த கிழங்குப் பானையை நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "மண்டோரய்யா, கீழ நெருப்பு இருக்கு. அவசரப்படாம எடுங்க" என்றாள்.

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அந்த வீட்டில் அவை சிரித்து நான் கேட்டதில்லை. மண்டோரை இழுத்து இறக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு அருவி. பிசினில் பாதி மண்டோரின் வேட்டியில். வீடு பார்க்கும் அதிகாரிகள் மூவரும் குழந்தைகளோடு அந்தப் பலகையில் நெருக்கி உட்கார்ந்து, அவள் கொடுத்த கிழங்கைத் தின்றுகொண்டே, குற்றம் சாக்குடையதா, பிசினுடையதா என்று மழை விடும்வரை சண்டை போட்டோம்.

கடைசியில் டிரசர்தான் விட்டுக்கொடுத்தார். அவருடைய தோட்டம் கடலோரத்தில் இருந்தது. அங்கே நீப்பாப் பனை ஓலையில் பின்னிய அத்தாப்புதான் கூரை. பூரான் விழும், எலி குடும்பம் நடத்தும் என்று அதை வாரம் தவறாமல் திட்டுவார். அந்த அத்தாப்பையே அவர் தோட்டத்திலிருந்து கருவாடு ஏற்றிவரும் மாட்டுவண்டியில் அனுப்பிவைத்தார். மண்டோர் மறுபடி வந்து, இம்முறை வாயைத் திறக்காமல், இரண்டு ஓட்டைத் தகரங்களையும் கழற்றி எறிந்துவிட்டு ஓலையைக் கட்டினார். தகரக் கூரையின் ஒரு முனையில் ஓலைத் தொப்பி வைத்தாற்போல் அசிங்கமாக இருந்தது. வீடு முழுக்கக் கருவாட்டு நாற்றம். ஆனால் ஒழுகவில்லை. ஓலையைத் திருடிக்கொண்டுபோக யாருக்கும் ஆசை வரவில்லை. எறிந்த தகரங்களைத்தான் மறுநாளே காணோம்.

ஜப்பானிய அதிகாரி ஒருநாள் அந்தப் பக்கம் நடந்துவந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.  அப்படியே நடந்து போய்விட்டார். அந்தச் சமயத்தில் அவருக்கு எங்கள் கூரையைவிடப் பெரிய கவலைகள் வந்திருந்தன.

யுத்தம் முடிந்து ஜப்பான்காரர்கள் போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். பல வீடுகளுக்கு யாரும் வரவில்லை. அவள் புருஷன் வந்தான். எலும்பும் தோலுமாக, ஒரு காலில் ஆறாத புண்ணோடு. தம்பி வரவில்லை, அவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. நான் பார்க்கப் போனபோது வாசலில் கோணிமேல் படுத்திருந்தான். நலம் விசாரித்தேன். தலையை மட்டும் ஆட்டினான். பிறகு மெல்லக் கையைத் தூக்கிக் கூரையைக் காட்டினான்.

"யாருங்க இந்த வேலயப் பாத்தது?"

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேர் என்றேன்.

"மூணு பேரா!" என்றான். "ஓலைய எதிர்ப்பக்கமா கட்டியிருக்கீங்க. இன்னும் ஒரு வருசம் தாங்காது."

உள்ளே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு, கால் ஆறட்டும், நீயே ஏறிச் சரியாகக் கட்டு என்றேன். சில மாதங்கள் கழித்து அப்படியே செய்தான்.

மண்டோரிடம் இதைச் சொல்லத் தெமியாங் போனேன். அவர் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, எதிர்ப்பக்கமாகக் கட்டச் சொன்னது டிரசர்தான் என்றார்.